பித்தநாளப் புற்றுநோய்: அறுவை சிகிச்சைக்குப் பிறகான ஆயுள் எதைப் பொறுத்தது?

கண் மஞ்சளாகிறது. சிறுநீர் கட்டன் தேநீர் நிறத்தில் போகிறது. மலம் மட்டும் களிமண்போல் வெளுத்திருக்கிறது. இரவில் தூங்கவிடாத அரிப்பு. ஆனால் வயிற்றில் வலி என்று ஒன்றும் இல்லை. ஐம்பதைத் தாண்டிய ஒருவருக்கு இவை சேர்ந்து வந்தால், பித்தம் வடியும் குழாய் எங்கோ அடைபட்டிருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நம் ஊரில் காமாலை என்றால் கீழாநெல்லியும் பத்தியமும்தான் முதல் வைத்தியம். வைரஸால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே இறங்கிவிடும் என்பதால் அதற்கு நல்ல பெயரும் உண்டு. அடைப்பினால் வரும் காமாலை அப்படி இறங்காது. ‘ஒரு மண்டலம் பார்ப்போம்’ என்று கழிகிற நாட்கள், பிறகு எவ்வளவு செலவழித்தாலும் திரும்பக் கிடைக்காத நாட்கள்.

அடைப்புக்குக் கல் காரணமாகலாம், கணையக் கட்டியும் காரணமாகலாம். இந்தக் கட்டுரை மூன்றாவது காரணத்தைப் பற்றியது: குழாயின் உள்சுவரிலேயே தோன்றும் புற்றுநோய். இதை முழுதாகக் குணப்படுத்த வழி இருக்கிறதென்றால் அது அறுவை சிகிச்சையின் வழியாகத்தான். ‘ஆபரேஷன் செய்தால் எத்தனை வருஷம் இருப்பார்?’ என்பது எல்லாக் குடும்பமும் கேட்கும் கேள்வி. அதற்கு ஒற்றை எண்ணாகப் பதில் சொல்ல முடியாது. கட்டி குழாயில் எந்த இடத்தில் இருக்கிறது, வெட்டிய விளிம்பு சுத்தமாக இருந்ததா, நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியிருந்ததா, மிச்சமாகும் ஈரல் உடம்பைத் தாங்குமா என்ற நான்கும்தான் அந்தப் பதிலைத் தீர்மானிக்கின்றன.

குழாயின் எந்த இடம்?

கல்லீரல் ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தநீர் சுரக்கிறது. ஈரலுக்குள் மரக்கிளைபோல் பரவியிருக்கும் நுண்குழாய்கள் திரண்டு வலது, இடது என்று இரண்டாகி, ஈரலின் அடிவாசலில் ஒன்று சேர்கின்றன. அங்கிருந்து ஒரே குழாயாக இறங்கி, வழியில் பித்தப்பையின் குழாயைச் சேர்த்துக்கொண்டு, கணையத்தின் தலைப்பகுதிக்குள் புகுந்து முன்சிறுகுடலில் திறக்கிறது. இந்தப் பெரிய குழாயின் அகலமே சுமார் 6 மில்லிமீட்டர்தான். பட்டாணி அளவுக் கட்டி போதும், முழுக் காமாலை வந்துவிடும்.

ஈரலுக்குள்ளேயே தோன்றும் கட்டி முதல் வகை. இது ஒரு கிளையை மட்டும் அடைப்பதால் மற்றக் கிளைகள் பித்தத்தை வடித்துவிடும், பெரும்பாலும் காமாலை வராது. அதனால் பல சென்டிமீட்டர் வளர்ந்த பிறகு, வேறு எதற்காகவோ எடுத்த ஸ்கேனில் தெரியவருவதும் உண்டு. இரண்டாவது வகை அடிவாசல் கட்டி. பித்தநாளப் புற்றுநோய்களில் பாதிக்கு மேல் இதுதான். ஜெரால்ட் கிளாட்ஸ்கின் என்ற அமெரிக்க மருத்துவர் 1965ல் இப்படிப்பட்ட 13 நோயாளிகளைப் பற்றி விரிவாக எழுதியதால் ‘கிளாட்ஸ்கின் கட்டி’ என்று பெயர் நின்றுவிட்டது. மூன்றாவது, குழாயின் கடைசிப் பகுதியில், கணையத்தை ஒட்டியோ அதற்குள்ளோ வருவது.

அடிவாசல் கட்டிதான் அறுவை நிபுணர்களுக்குப் பெரிய சோதனை. அது சின்னதாக இருக்கும்போதே காமாலை வந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆனாலும் வெட்டி எடுக்க முடியாமல் போவதுண்டு. காரணம் இடம். ஈரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையும் ஈரல் தமனியும் அந்த வாசலில் குழாயோடு ஒட்டியே உள்ளே நுழைகின்றன. கட்டி உருண்டு திரள்வதைவிட, குழாயின் சுவருக்குள்ளேயே நரம்புகளைப் பற்றிக்கொண்டு மேலும் கீழும் ஊர்ந்து பரவும். கண்ணுக்குத் தெரியும் விளிம்பைத் தாண்டியும் நோய் இருக்கும் என்று கணக்கு வைத்துத்தான் வெட்ட வேண்டும்.

எண்களைப் படிக்கும் விதம்

‘5 ஆண்டு பிழைப்பு விகிதம் 10 சதவீதம்’ என்று இணையத்தில் பார்த்துவிட்டு இடிந்துபோகிறவர்கள் பலர். அது எல்லா நிலை நோயாளிகளையும் ஒன்றாகச் சேர்த்துப் போட்ட கணக்கு. கண்டுபிடிக்கும்போதே அறுவை செய்யக்கூடிய நிலையில் இருப்பவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர், அல்லது அதைவிடக் குறைவு. மீதிப் பேரும் அந்த 10 சதவீதக் கணக்கில் இருக்கிறார்கள். நல்ல மையத்தில் கட்டியை முழுதாக எடுக்க முடிந்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால், 100 பேரில் சுமார் 20 முதல் 40 பேர் 5 ஆண்டைத் தாண்டுகிறார்கள்.

அந்தக் குழுவுக்குள்ளும் பெரிய வேறுபாடு உண்டு. அடிவாசல் கட்டிக்கு அறுவை செய்வதில் உலகின் முன்னணி மையங்களில் ஒன்று ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகம். அங்கே 34 ஆண்டுகளில் செய்த 574 அறுவைகளின் கணக்கு 2013ல் வெளியானது. மொத்தத்தில் 5 ஆண்டு பிழைத்தவர்கள் 32.5 சதவீதம். விளிம்பு சுத்தம், நிணநீர் முடிச்சில் நோய் இல்லை, வேறெங்கும் பரவவில்லை என்ற மூன்றும் அமைந்தவர்களிடம் அதே எண் 67 சதவீதம். நோயும் மருத்துவமனையும் மாறவில்லை. எண் இரண்டு மடங்கு. நிணநீர் முடிச்சில் நோய் இருந்தால் பெரும்பாலான ஆய்வுகளில் 10 முதல் 20 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. ஆகவே கேட்க வேண்டியது ‘இந்த நோய்க்கு எத்தனை சதவீதம்’ என்பதை அல்ல. ‘இவர் எந்தக் குழுவில் வருகிறார்’ என்பதைத்தான்.

இன்னொரு சொல் ‘இடைநிலை ஆயுள்’. 36 மாதம் என்று சொன்னால், பாதிப் பேர் 36 மாதத்தைத் தாண்டினார்கள் என்று பொருள். அதைக் கெடுத்தேதியாகப் புரிந்துகொள்வது தவறு.

ஸ்கேன் முதலில், ஸ்டென்ட் பிறகு

அறுவையின் முடிவு பாதி அறுவைக்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. அதிகம் நடக்கும் தவறு இதுதான்: காமாலை கடுமையாக இருக்கிறதென்று அவசரப்பட்டு, எண்டோஸ்கோப் வழியாகக் குழாயில் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்துவைக்கும் சிறு குழல்) வைத்துவிட்டு, அதற்குப் பிறகு ஸ்கேன் எடுப்பது. ஸ்டென்ட் வைத்ததும் உப்பியிருந்த குழாய்கள் சுருங்கிவிடும், சுவர் அழற்சியால் தடித்துவிடும். கட்டி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைப் பிறகு படத்தில் பிரித்துப் படிக்க முடியாது. வலது ஈரலை எடுப்பதா இடது ஈரலை எடுப்பதா என்று முடிவு செய்வதே அந்தப் படத்தை வைத்துத்தான். காய்ச்சலும் குளிர் நடுக்கமும் இருந்து, குழாயில் சீழ் பிடித்திருந்தால் வேறு விஷயம். உடனே வடித்தாக வேண்டும். அது இல்லாதபோது, மருந்து செலுத்திப் பல கட்டமாக எடுக்கும் சி.டி. ஸ்கேனும், பித்தக்குழாய்களைப் படம்பிடிக்கும் எம்.ஆர்.சி.பி.யும் முதலில்.

அடிவாசல் கட்டிக்கு ஈரலில் பாதிக்கு மேல் எடுக்க வேண்டியிருந்தால், ரத்தத்தில் பிலிருபின் (காமாலைக்குக் காரணமான மஞ்சள் நிறமி) டெசிலிட்டருக்கு 2 அல்லது 3 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும்வரை பித்தத்தை வடித்துவிட்டு அறுவைக்குப் போவது வழக்கம். பித்தம் தேங்கிய ஈரல் வெட்டுக்குப் பிறகு சரியாக வளராது, எளிதில் செயலிழக்கும். வடிக்கும்போதும் எந்தப் பக்கம் என்பது முக்கியம்: அறுவைக்குப் பிறகு மிச்சமாகப்போகிற பக்கத்தைத்தான் வடிக்க வேண்டும். அறுவை பற்றி முடிவாகாத நிலையில் உறையில்லாத உலோக ஸ்டென்ட் வைக்கக் கூடாது. அது திசுவில் பதிந்துவிடும், கழற்ற முடியாது. பிளாஸ்டிக் ஸ்டென்ட் போதும். விலாவின் வழியாக ஊசி செலுத்தி வெளியே பையில் வடிக்கும் முறையானால், உப்பும் நீரும் சேர்ந்தே வெளியேறுகின்றன என்பதை மறக்கக் கூடாது. ஒரு நாளில் எவ்வளவு வடிந்தது என்று அளந்து எழுதிவைத்து, அதை ஈடுகட்ட வேண்டும். பித்தம் குடலுக்குப் போகாவிட்டால் வைட்டமின் கே உடம்பில் சேராது, ரத்தம் உறைவது தாமதமாகும். அதனால் அறுவைக்கு முன் வைட்டமின் கே ஊசி போடுவார்கள்.

குழாயின் கடைசிப் பகுதியில் கட்டி இருந்தால் கணக்கு வேறு. நெதர்லாந்தில் கணையத் தலைப் புற்றுநோயாளிகள் 202 பேரிடம் நடந்து 2010ல் வெளியான ஆய்வில், நேரே அறுவைக்குப் போனவர்களில் 39 சதவீதம் பேருக்கும், முதலில் ஸ்டென்ட் வைத்துக் காத்திருந்தவர்களில் 74 சதவீதம் பேருக்கும் கடுமையான சிக்கல்கள் வந்தன. பிலிருபின் மிகவும் ஏறாமல் இருந்து, சீழ்த் தொற்றும் இல்லாமல், ஓரிரு வாரத்தில் அறுவை செய்ய முடியுமானால், அங்கே ஸ்டென்ட் இல்லாமல் போவதே மேல். அறுவையும் அதே அறுவைதான் என்பதால் இந்தப் பாடம் குழாயின் கடைசிப் பகுதிக் கட்டிக்கும் பொருந்துகிறது.

புற்றுநோயில் ஏறக்கூடிய ஒரு பொருளை அளக்கும் சி.ஏ. 19-9 என்ற ரத்தப் பரிசோதனையைப் பற்றி ஒரு வார்த்தை. 37க்கு மேல் போனாலே புற்றுநோய் என்று பயப்பட வேண்டாம். வெறும் அடைப்பே அதை நூற்றுக்கணக்கில் ஏற்றிவிடும். பித்தம் வடிந்து பிலிருபின் இறங்கிய பிறகு எடுத்த அளவுக்குத்தான் மதிப்பு. சிலருடைய உடம்பு பிறவியிலேயே இந்தப் பொருளைச் சுரப்பதில்லை. அவர்களுக்கு நோய் இருந்தாலும் எண் ஏறாது.

‘பயாப்ஸி இல்லாமல் எப்படி ஆபரேஷன்?’ என்ற கேள்வி நியாயமானது. குழாயைத் தூரிகையால் சுரண்டி எடுக்கும் மாதிரி, புற்றுநோய் இருப்பவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரிடம்தான் அதைக் காட்டும். ‘புற்றுநோய் இல்லை’ என்று வந்த அறிக்கையை நம்பி உட்கார முடியாது. எனவே படமும் அறிகுறியும் உறுதியாகச் சொன்னால், பயாப்ஸி இல்லாமலே அறுவைக்குப் போவார்கள். இதற்கு மறுபக்கமும் உண்டு: ஐ.ஜி.ஜி.-4 என்ற நோயெதிர்ப்புப் புரதம் தொடர்பான அழற்சி அச்சு அசலாக இதே படத்தைக் காட்டும்; ஸ்டீராய்டு மாத்திரையிலேயே கரையும். அடிவாசல் கட்டி என்று நினைத்து வெட்டியதில் 100க்கு 5 முதல் 15 பேருக்குப் புற்றுநோயே இல்லை என்று பல மையங்கள் பதிவுசெய்திருக்கின்றன. ஐ.ஜி.ஜி.-4 ரத்தப் பரிசோதனை எடுத்தாகிவிட்டதா என்று தயங்காமல் கேளுங்கள்.

எவ்வளவு ஈரல் மிஞ்சும்?

ஆரோக்கியமான ஈரலானால் மொத்த அளவில் 20 முதல் 25 சதவீதம் மிஞ்சினாலே போதும். சில மாதங்களில் வளர்ந்து ஈடுகட்டிவிடும். கீமோ எடுத்த ஈரலுக்கு 30 சதவீதம். பித்தம் தேங்கிப் பழுதான ஈரலுக்கும் சிரோசிஸ் உள்ள ஈரலுக்கும் 40 சதவீதமாவது வேண்டும். சி.டி. படத்தில் கணினி வழியே இதை மில்லிலிட்டர் கணக்கில் அளக்கிறார்கள். இடது பக்கம் இயல்பிலேயே சின்னது என்பதால், வலது ஈரலை எடுக்கும் திட்டத்தில் அடிக்கடி அளவு குறையும்.

அப்போது செய்வது, எடுக்கப்போகும் பக்கத்துக்குப் போகும் போர்ட்டல் சிரையின் கிளையை அடைத்துவிடுவது. அந்த ரத்தமெல்லாம் மிஞ்சப்போகும் பக்கத்துக்குத் திரும்பும். 3 முதல் 6 வாரத்தில் அது பருத்துவிடும். 1980களில் ஜப்பானிய மருத்துவர்கள் உருவாக்கிய இந்த முறை, பலரை அறுவைக்குத் தகுதியாக்கியிருக்கிறது. இந்த வாரங்களில் ‘ஏன் தள்ளிப்போடுகிறார்கள்’ என்று வேறு மருத்துவமனைக்கு மாறுவது பெரிய தவறு. போதிய அளவு வளராவிட்டால், அந்த ஈரல் வெட்டைத் தாங்காது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டோம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அறுவை அரங்கில்

ஈரலுக்குள் உள்ள கட்டிக்கு, அது இருக்கும் பகுதியையும் அருகிலுள்ள நிணநீர் முடிச்சுகளையும் எடுக்கிறார்கள். நிலையைச் சரியாகச் சொல்ல குறைந்தது 6 முடிச்சுகளாவது பரிசோதனைக்குப் போக வேண்டும்.

அடிவாசல் கட்டிக்கு எடுப்பது நிறைய: குழாய், பித்தப்பை, ஈரலில் பாதியோ அதற்கு மேலோ, சுற்றியுள்ள முடிச்சுகள், அவற்றோடு ஈரலின் பின்புறமிருக்கும் சின்ன வால்மடல். அதை ஏன் எடுக்க வேண்டும் என்று தோன்றலாம். வால்மடலின் நுண்குழாய்கள் வலதும் இடதும் சேரும் சந்திப்பை ஒட்டியே திறக்கின்றன; நோய் அவற்றின் வழியே உள்ளே ஏறிவிடும். அதை விட்டுவைத்த காலத்தில் நோய் அங்கேயே திரும்பியது. பிறகு சிறுகுடலில் ஒரு வளையத்தை மேலே கொண்டுவந்து, மிச்சமுள்ள பித்தக்குழாயோடு தைக்கிறார்கள். குடலை ‘ஒய்’ எழுத்து வடிவில் இணைப்பதால் உணவு பித்தக்குழாய்ப் பக்கம் ஏறிவராது. வெட்டிய குழாயின் முனையை அங்கேயே உறையவைத்து நுண்ணோக்கியில் பார்த்து, நோய் தெரிந்தால் இன்னும் கொஞ்சம் வெட்டுவதும் உண்டு. 6 முதல் 10 மணி நேரம் ஆகலாம்.

கடைசிப் பகுதிக் கட்டிக்கு விப்பிள் அறுவை. கணையத் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, குழாயின் கீழ்ப்பகுதி எல்லாம் ஒன்றாக வரும். கணையம், பித்தக்குழாய், இரைப்பை மூன்றையும் குடலோடு மறுபடி இணைக்க வேண்டும்.

அபாயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். அடிவாசல் அறுவைக்குப் பின் 90 நாளுக்குள் இறப்பவர்கள் பல மேலைநாட்டு மையங்களிலேயே 5 முதல் 15 சதவீதம். விப்பிள் அறுவையில், கை தேர்ந்த மையங்களில், 5 சதவீதத்துக்குக் கீழ். ஆகவே ‘இந்த அறுவையை இங்கே வருஷத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்?’ என்று கேட்பதை யாரும் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நல்ல அறுவை நிபுணர் எண்ணைச் சொல்வார்.

சிக்கல் எப்படித் தெரியும்? மூன்றாம் நாளிலோ அதற்குப் பிறகோ, வடிகுழாயில் வரும் நீரில் பிலிருபின் ரத்தத்தில் உள்ளதைப்போல் மூன்று மடங்கு இருந்தால் தையலிலோ ஈரலின் வெட்டுப்பரப்பிலோ பித்தம் கசிகிறது. பெரும்பாலும் வடிகுழாயை விட்டுவைத்தாலே அடங்கும். ஐந்தாம் நாளுக்குப் பிறகும் பிலிருபினும், ரத்தம் உறையும் தாமதத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவும் ஏறிக்கொண்டே போனால் மிஞ்சிய ஈரல் திணறுகிறது. உயிரைப் பறிப்பதில் முன்னால் நிற்பது இதுதான். எவ்வளவு ஈரல் மிஞ்சும் என்று மேலே சொன்ன சதவீதக் கணக்கெல்லாம் இதைத் தவிர்க்கத்தான். விப்பிள் அறுவையில் பயப்படுவது கணையச் சாற்றின் கசிவுக்கு. அது அருகிலுள்ள ரத்தக்குழாயை அரித்தால் திடீர் ரத்தப்போக்கு வரும்.

சாதாரண அறுவையால் எடுக்க முடியாத அடிவாசல் கட்டி சிலருக்கு, 3 சென்டிமீட்டருக்கு மிகாமல், வேறெங்கும் பரவாமல் இருந்தால், கதிர்வீச்சும் கீமோவும் கொடுத்துவிட்டு ஈரல் மாற்று செய்யும் முறையை அமெரிக்காவின் மேயோ கிளினிக் 1993ல் தொடங்கியது. அமெரிக்காவின் 12 மையங்களில் சிகிச்சை தொடங்கிய 287 பேரின் கணக்கில், ஈரல் மாற்று வரை போக முடிந்தவர்களிடம் 5 ஆண்டுக்கு நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 65 சதவீதம். வயிற்றின் வழியாகக் கட்டியில் நேரே ஊசி குத்திப் பயாப்ஸி எடுத்திருந்தால், புற்று அணுக்கள் வழியெங்கும் சிந்தியிருக்கும் என்பதால் இந்த வாய்ப்பு பறிபோய்விடும். அடிவாசல் கட்டியில் வெளியிலிருந்து ஊசி குத்துவதற்கு முன், ஒருமுறை ஈரல் அறுவை நிபுணரைப் பார்த்துவிடுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

அறிக்கையும் அதற்குப் பிறகும்

வெட்டி எடுத்ததன் பயாப்ஸி அறிக்கை பத்து நாள், இரண்டு வாரத்தில் வரும். அதில் முதலில் தேட வேண்டியது விளிம்பு. ஆர்-0 என்றால் விளிம்பில் நுண்ணோக்கியிலும் நோய் இல்லை. ஆர்-1 என்றால் நுண்ணோக்கியில் தெரிகிறது. ஆர்-2 என்றால் கண்ணுக்கே தெரிந்த கட்டி மிச்சம். அடுத்தது முடிச்சு: எத்தனை எடுத்தார்கள், எத்தனையில் நோய். ‘8ல் 0’ என்பதும் ‘2ல் 0’ என்பதும் ஒன்றல்ல. இரண்டே முடிச்சைப் பார்த்துப் பரவவில்லை என்று சொல்வதில் நிச்சயம் குறைவு.

அறுவைக்குப் பிறகு ஆறு மாதம் கேபசிட்டபின் என்ற கீமோ மாத்திரை கொடுப்பது இப்போது பரவலான வழக்கம். பிரிட்டனில் 447 பேரிடம் நடந்து 2019ல் வெளியான பில்காப் ஆய்வில், மாத்திரை எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் 51 மாதம், எடுக்காதவர்களுக்கு 36 மாதம். முதன்மைக் கணக்கில் அந்த வித்தியாசம் புள்ளியியல் வரம்பைத் தொடவில்லை; ஆனாலும் பலன் இருக்கிறது என்றே பெரும்பாலான நிபுணர்கள் ஏற்கிறார்கள், நாமும் அப்படித்தான் நினைக்கிறோம். ஆய்வில் தந்த அளவு, உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 1,250 மில்லிகிராம், காலையும் மாலையும், 14 நாள். பிறகு 7 நாள் ஓய்வு. இப்படி 8 சுற்று. 1.6 சதுர மீட்டர் உள்ளவருக்கு வேளைக்கு 2,000 மில்லிகிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை நான்கு. பலருக்கு டாக்டர்கள் இதைவிடக் குறைத்தே தொடங்குவார்கள். சாப்பிட்ட அரை மணிக்குள் போட வேண்டும். உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து தோல் உரிவதும் வயிற்றுப்போக்கும் முக்கியமான பக்கவிளைவுகள். வழக்கத்தைவிட நாளுக்கு நான்கு தடவையோ அதற்கு மேலோ கூடுதலாக வயிற்றுப்போக்கு ஆனால் மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரை அழையுங்கள். தவறவிட்டதை ஈடுகட்ட அடுத்த வேளை இரட்டிப்பாகப் போடக் கூடாது.

வெட்ட முடியாத நிலையில் ஜெம்சிட்டபின், சிஸ்பிளாட்டின் என்ற இரண்டு கீமோ மருந்துகளோடு டர்வாலுமாப் போன்ற நோயெதிர்ப்பு மருந்தும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். சிலருக்குக் கட்டி சுருங்கி மறுபடி அறுவைப் பேச்சு எழுவதும் உண்டு. ஈரலுக்குள் வரும் வகையில் கட்டியின் மரபணுப் பரிசோதனை தனியாகப் பயன் தரும். சில மரபணு மாற்றங்களைக் குறிவைத்துத் தாக்கும் மாத்திரைகள் இருக்கின்றன.

முழுதாக எடுத்த பிறகும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நோய் திரும்புகிறது, பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள். அதனால் முதல் இரண்டு ஆண்டு மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும். விப்பிள் செய்தவர்களுக்கு மலம் எண்ணெய்ப் பசையோடு மிதந்து, எடை இறங்கிக்கொண்டே போனால், சாப்பாட்டில் குறை இல்லை. கணைய நொதி போதவில்லை. நொதிக் காப்ஸ்யூலைச் சாப்பாட்டோடு சேர்த்துப் போட வேண்டும், சாப்பிட்டு முடித்துக் கைகழுவிய பிறகு அல்ல.

அறுவைக்குப் பிறகு வருகிற காமாலை எல்லாமே புற்றுநோய் திரும்பியதால் அல்ல. குடலும் குழாயும் சேர்த்துத் தைத்த இடம் தழும்பேறிச் சுருங்கியும் வரும். அதை விரித்துச் சரிசெய்யலாம். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு விடியும்வரை காத்திருக்கக் கூடாது. குழாய்த் தொற்று சில மணி நேரத்தில் ரத்தத்தில் கலந்துவிடும், அன்றைக்கே நரம்பு வழி ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும். ‘ஒய்’ இணைப்பு உள்ளவர்களுக்கு வழக்கமான எண்டோஸ்கோப் வாய்வழியாக அந்த இடத்தை எட்டாது. பெரும்பாலும் விலாவின் வழியாகத்தான் வடிக்க வேண்டியிருக்கும். அறுவைக் குறிப்பும் டிஸ்சார்ஜ் சம்மரியும் ஒரு நகல் எப்போதும் கையோடு இருக்கட்டும். இரவில் வேறு ஊர் மருத்துவமனைக்கு ஓட நேர்ந்தால், வயிற்றுக்குள் எது எதனோடு இணைக்கப்பட்டிருக்கிறது என்பதை அங்கிருக்கும் டாக்டருக்கு அந்தத் தாள்தான் சொல்லும்.